மஹ்சீர் மீட்புத் திட்டம்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் மாயாற்றில் இருக்கும் கூன்முதுகு மஹ்சீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன். 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அணைகள், மணல் அள்ளுவது, தோட்டா போட்டுப் பிடிப்பது எல்லாம் காரணம்தான். ஆனால் 1970-களிலிருந்து காவிரியில் கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகி, நம் மீனின் இடத்தைப் பிடித்ததுதான் பெரிய அடி. அதனால் எதைச் செய்தாலும் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

கூட்டம்: 15ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணி, சமுதாயக் கூடம்.

1. வீட்டுப் பெரியவர்களிடம் எந்த மடுவில் பெரிய மீன் பார்த்தார்கள் என்று கேட்டு வாருங்கள். முடிந்தால் அவர்களையே அழைத்து வாருங்கள்.

2. பழைய மீன் படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள். அடையாளம்: ஆரஞ்சுத் துடுப்பு, தலைக்குப் பின்னாலேயே எழும்பும் திமில்.

3. நல்ல எண்ணத்தில்கூட யாரும் குஞ்சு வாங்கி ஆற்றில் விட வேண்டாம், தயவுசெய்து.

4. படம் எடுக்க ஆற்றுக்குப் போகாதீர்கள். அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேண்டும்.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் இங்கேயே பதிவிடுங்கள். வர முடியாதவர்கள் தெரிந்ததைக் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி.