கடைசி 15 நிமிடச் சரிவுக்குக் காரணம் ஓட்டமல்ல, ஸ்கிரம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக ரக்பி அணி ஒன்றின் தொடக்க ஆட்டங்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் நடுவே ரக்பிக்கும் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால், முற்பாதியில் முன்னணியில் இருந்த அணி கடைசி 15 நிமிடத்தில் சரிந்ததற்கு உடல் தகுதிக் குறைவே காரணம் என்று செய்தியாளர் முடித்திருப்பது அவசரத் தீர்ப்பு. பருவத் தொடக்கத்தில் மாணவர் அணிகள் இப்படிச் சரிந்தால் நான் முதலில் பார்ப்பது முன்வரிசையைத்தான்.

ஸ்கிரம் என்பது இரு அணிகளும் குனிந்து கோத்துக்கொண்டு பந்துக்காக ஒன்றையொன்று தள்ளுவது. அதன் முன்வரிசையில் மூவர்: நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் புரோப். இறுதியாண்டு மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும் நிரப்பக் கடினமான இடங்கள் இவை. வேகமாக ஓடுகிற ஒருவரைச் சில வாரங்களில் விங்காக (திடலின் ஓரத்தில் ஓடுபவராக) ஆட வைத்துவிடலாம். புரோப் அப்படி உருவாவதில்லை. எடை தாங்கக் கழுத்தும் முதுகும் பழகவே ஒரு பருவம் போய்விடும். 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆறு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. பெயர்ப் பட்டியலில் ஆறு பேரும் இருப்பார்கள். அவர்களில் மாற்று ஆட்டக்காரர்களாகப் பின்னால் வரும் மூவர் பல நேரம் லோக், பிளாங்கர் என்ற, முன்வரிசைக்குப் பின்னிருந்து தள்ளும் இடங்களிலிருந்து இழுத்து வரப்பட்டவர்கள். 60ஆவது நிமிட வாக்கில் அவர்கள் இறங்கியதும் ஸ்கிரம் ஆட்டம் காண்கிறது.

இதற்கு நம் நாட்டுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பத்துப் பேர் ரக்பி பிறந்ததே இங்குதான். கோப்ரா கிளப் 1967இல் தொடங்கிய போட்டி அது. ஏழு பேர் ஆட்டமும் இங்கே பரவலாக உண்டு. ஏழு பேர் ஆட்டத்தில் ஸ்கிரமுக்கு மூவர், பத்துப் பேர் ஆட்டத்தில் ஐவர். 15 பேர் ஆட்டத்தில் எட்டுப் பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். சிறிய ஆட்டங்களிலேயே வளர்ந்த புரோப்புக்கு, தன் முதுகுக்குப் பின்னால் வரும் அந்த எடை புதிது.

நடுவர் ‘கிரவுச், பைண்ட், செட்’ (குனி, பற்று, மோது) சொல்லும்போது புதியவர்கள் சறுக்குவது எங்கே? தோள் இடுப்பைவிடத் தாழ்ந்துவிடுகிறது. எதிராளியின் ஜெர்சியை முதுகிலோ பக்கவாட்டிலோ பற்றாமல் கையைப் பிடித்துத் தொங்குகிறார்கள். முதல் தவறுக்கு ஃபிரீ கிக் என்ற லேசான தண்டனை, இரண்டாவதற்குப் பெனால்டி. கால்களை மிகவும் பின்னால் வைத்து முழங்காலை நீட்டிவிட்டால் தள்ள வலு இருக்காது, எடை வந்ததும் முகம் தரையில் விழும். மாலை மழையில் ஊறிய திடலில் குட்டைப் பற்கள் கொண்ட பூட்ஸ் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். விதி 21 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஈரத் திடலில் முன்வரிசைக்கு அதற்குக் குறையாமல் இருப்பதே நல்லது.

ஒரு ஸ்கிரம் பெனால்டி என்ன செய்யும் என்று பாருங்கள். எதிரணி பந்தை மூலைக்கு உதைக்கிறது. கோட்டிலிருந்து 5 மீட்டரில் லைன் அவுட் (வெளியே போன பந்தைப் பக்கக்கோட்டிலிருந்து உள்ளே எறிவது), அதிலிருந்து மோல் (பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து தள்ளிக்கொண்டு போவது), டிரை (கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, 5 புள்ளி), கன்வெர்ஷன் (அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 2 புள்ளி). ஏழு புள்ளி போய்விட்டது. பார்வையாளர் கண்ணுக்கு அது களைப்பாகத் தெரிகிறது.

புள்ளிக் கணக்கும் ஏமாற்றும். ஓர் அணி 12–17 என்று தோற்றதாக வைத்துக்கொள்வோம். இரு அணிகளும் ஆளுக்கு இரண்டு டிரை போட்டிருக்கலாம். வித்தியாசம் தவறிய ஒரு கன்வெர்ஷனும் விட்டுக்கொடுத்த ஒரு பெனால்டி உதையும் (3 புள்ளி) தான். கன்வெர்ஷனை டிரை விழுந்த இடத்துக்கு நேராக வைத்தே உதைக்க வேண்டும் என்பதால், மூலையில் பந்தை வைக்காமல் கம்பங்களை நோக்கி இரண்டடி உள்ளே வந்து வைப்பதும் பயிற்சிக்குரிய விஷயம். ஏழு புள்ளிக்குள் தோற்றால் பல லீக்குகளில் ஒரு போனஸ் புள்ளியும் உண்டு. பலவீனமான அணியை 50 புள்ளியில் வென்றதைவிட இந்தத் தோல்வி எனக்கு அதிகம் சொல்லும்.

லைன் அவுட்டில் சொந்த எறிவு பத்தில் எட்டு கைக்கு வந்தால் மாணவர் அணிக்குப் போதும். மழை நாளில் அது ஐந்தாகக் குறைவதற்குக் காரணம், காய்ந்த பந்தில் மட்டும் பழகியது. வாளித் தண்ணீரில் நனைத்த பந்தோடு எறியப் பழக வேண்டும். ஆட்டத்தில் மழை வந்தால் பின்னால் நிற்பவரை விட்டுவிட்டு முன்னால் தாவுபவருக்கே எறியலாம்.

கபடியிலிருந்து ரக்பிக்கு வரும் நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணுக்காலைப் பிடிக்கும் துணிவு அவர்களிடம் இருக்கிறது, அது பெரிய சொத்து. ஆனால் ஓடி வருபவரின் முன்னால் தலையைக் கொடுக்கும் பழக்கத்தை முதல் வாரமே மாற்ற வேண்டும்: தலை அவர் இடுப்புக்குப் பின்பக்கம், தோள் தொடையில், இரு கைகளும் சுற்றி. தலையில் அடிபட்டு மூளை அதிர்வு என்ற சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. சமூக நிலை (தொழில்முறை அல்லாத) ஆட்டக்காரர் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டல். வாரம் ஓர் ஆட்டம் என்றால் குறைந்தது இரண்டு ஆட்டம் போகும். அதை மறைத்து ஆட வைக்கும் அணி முன்னேறுகிறது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த செய்தியில் புள்ளிகளுக்குக் கீழே, 60ஆவது நிமிடத்துக்குப் பின் இறங்கிய முன்வரிசை யார், அதன்பின் எத்தனை ஸ்கிரம் பெனால்டி விழுந்தது என்று இரண்டு வரி சேருங்கள். நடுவரின் கையைப் பார்த்தே நிருபர் எண்ணிவிடலாம்: கை நீட்டிச் சாய்வாக உயர்ந்தால் பெனால்டி, முழங்கை மடங்கியிருந்தால் ஃபிரீ கிக்.

இப்படிக்கு,
ரக்பி வாசகர்,
பங்சார், கோலாலம்பூர்