சனிக்கிழமை மழை, திங்கட்கிழமை வெள்ளம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சொட்டு மருந்து போடுகிற வேளைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். அம்மா நலமாக இருக்கிறார். கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துத் தேதியைச் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உன் மகளுக்குத் திருநெல்வேலியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளிடம் சொல்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு நிறுவனம் நடத்தும் பொதுத்திறன் தேர்வை, அதாவது எந்தப் பாடத்தையும் சாராமல் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் தேர்வை, இறுதியாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வைக்கலாமா என்று ஆராய உங்கள் கல்லூரியில் குழு போட்டிருக்கிறார்கள், அதில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள், என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வு வேண்டும். அந்தத் தேர்வு வேண்டாம்.

வேண்டும் என்பதற்குக் காரணம் உனக்கே தெரியும். பொருளியல் படிக்கும் பிள்ளைக்குப் பொருளியல் தெரிகிறதா என்று பார்க்க ஆறு பருவமும் தேர்வு நடத்துகிறோம். ஆனால் பகுதி ஒன்றில் தமிழும், பகுதி இரண்டில் ஆங்கிலமும், பகுதி நான்கில் சுற்றுச்சூழலும் விழுமியக் கல்வியும் எதற்காக வைத்திருக்கிறோம்? எந்தப் பட்டம் வாங்கினாலும் ஒருவர் படித்ததை எடைபோடவும், பொய்யிலிருந்து மெய்யைப் பிரிக்கவும், நினைத்ததைத் தெளிவாக எழுதவும் வேண்டும் என்பதற்காகத்தானே? அது நடந்திருக்கிறதா என்று நாம் ஒருநாளும் பார்ப்பதில்லை. ஒரு பாடத்தால் பிள்ளை கற்றது பாட விளைவு, முழுப் பட்டப்படிப்பால் கற்றது திட்ட விளைவு என்று கட்டம் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை நிரப்புகிறோம். அந்த எண்கள் கல்லூரிக்குள் நாமே போடும் அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணிலிருந்தும் பருவத்தேர்வின் 75 மதிப்பெண்ணிலிருந்தும் வருகின்றன. மனப்பாடம் செய்து வாங்கிய மதிப்பெண்ணையே கட்டத்தில் போட்டு, "சிந்தனைத் திறன் எட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கையெழுத்தைப் போடும்போது என் மனம் உறுத்துகிறது.

அந்தத் தேர்வு வேண்டாம் என்பதற்கு நானே கண்ட ஒரு நாளைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் இப்படி ஒரு தேர்வை விலைக்கு வாங்கி நடத்தினார்கள். சனிக்கிழமை மதியம், கணினி அறை. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் கொள்குறி வினா. ஒரு மணி நேரத் தேர்வில் எட்டாவது நிமிடம் ஒரு பையன் எழுந்து, "முடித்துவிட்டேன், போகலாமா மேடம்? மூன்று மணி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக இருட்டிவிடும்" என்று கேட்டான். வகுப்பில் அவன் கேட்கும் கேள்விகளுக்கு நான் வீட்டில் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போய்த்தான் பதில் சொல்வேன். அப்படிப்பட்ட பிள்ளை. அந்த மதிப்பெண்ணால் அவனுக்கு ஆவது ஒன்றும் இல்லை. பஸ்ஸால் ஆவது உண்டு. இரண்டு மாதம் கழித்து வண்ண வண்ணப் படங்களோடு அறிக்கை வந்தது. எங்கள் மாணவர்களுக்குப் பகுத்தாயும் திறன் குறைவு என்று அதில் இருந்தது. அதை யாரும் விவாதிக்கவில்லை. கோப்பில் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. அமெரிக்காவில் தேர்வுகளைத் தயாரித்து நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று கல்லூரிகளின் மாணவர்களுக்கு ஒரே பொதுத்திறன் தேர்வு. தேர்வுக்கு முன் கையெழுத்திடும் ஒப்புதல் தாளில் மட்டும் வேறுபாடு. சிலருக்கு, மதிப்பெண் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. சிலருக்கு, கல்லூரியின் சராசரியைக் கணக்கிட என்று. இன்னும் சிலருக்கு, உன் மதிப்பெண் உன் ஆசிரியர்களுக்கும் வேலை தருபவர்களுக்கும் போகக்கூடும் என்று. கடைசி வகையினர் மற்றவர்களைவிடக் கண்கூடாக அதிகம் வாங்கினார்கள். ஒரு வாக்கியத்தால் அறிவு கூடிவிடாது, அக்கறைதான் கூடியது. அப்படியானால் அக்கறையில்லாமல் எழுதிய தேர்வை வைத்து ஒரு கல்லூரி கற்றுத்தந்ததா இல்லையா என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? பிரேசிலில் 1996இல் பட்டதாரிகளுக்கு நாடு தழுவிய தேர்வைக் கொண்டுவந்தபோது, எதிர்த்த மாணவர்கள் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஆனால் எல்லாத் தேர்வும் கொள்குறி வினா அல்ல என்பதையும் உன் குழுவில் சொல். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களின் சிந்தனையையும் எழுத்தையும் மதிப்பிட சிஎல்ஏ என்று ஒரு தேர்வு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதன் மாதிரி வினா ஒன்றைப் படித்தபோது எனக்கு ஆசையாக இருந்தது. நீ ஒரு நிறுவனத் தலைவரின் உதவியாளர். விற்பனைப் பிரிவினர் ஒரு வகைச் சிறிய விமானத்தை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கப்போகும் வேளையில் அதே வகை விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகிறது. செய்தித்தாள் குறிப்பு, விபத்து அறிக்கை, மின்னஞ்சல்கள், வரைபடங்கள் என்று ஒரு கட்டுத் தாள் தருகிறார்கள். வாங்கலாமா கூடாதா என்று காரணத்தோடு எழுது, 90 நிமிடம். இதில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை.

இந்தத் தேர்வை வைத்துத்தான் ரிச்சர்ட் ஆரம், ஜோசிபா ரோக்சா என்ற இரு சமூகவியலாளர்கள் 24 கல்லூரிகளில் 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்து, முதல் இரண்டு ஆண்டில் 45 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று 2011இல் எழுதினார்கள். அமெரிக்காவே அதிர்ந்தது. அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதே. ஒருவருடைய மதிப்பெண் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டி நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்பதும் ஒன்றுமே கற்கவில்லை என்பதும் ஒன்றல்ல. விமர்சகர்கள் இதைச் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஆய்வின் இன்னொரு பகுதி. வாரம் 40 பக்கத்துக்கு மேல் வாசிக்கவும் ஒரு பருவத்தில் 20 பக்கத்துக்கு மேல் எழுதவும் வைத்த பாடங்களைப் படித்தவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். நம் பிள்ளைகள் விடைத்தாளுக்கு வெளியே மூன்றாண்டில் எத்தனை பக்கம் சொந்தமாக எழுதுகிறார்கள்? எண்ணிப் பார்த்தேன். என் வகுப்பில் பத்துப் பக்கம்கூட வரவில்லை.

அதனால் சென்ற பருவத்தில் நானும் தமிழ்த்துறைத் தோழி ஒருவரும் புள்ளியியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து நாங்களே ஒரு வினா தயாரித்தோம். விமானம் நமக்கு எதற்கு? நமக்கு வெள்ளம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது உனக்கு நினைவிருக்கும். அன்று இரவு முழுவதும் நீ தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தாய். புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்து, திங்கட்கிழமை விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருகி இங்கே வந்து சேர்ந்தது.

நான்கு தாள் கொடுத்தோம். மழையளவு பற்றிய செய்திக் குறிப்பு ஒன்று. நாள்வாரியாக மழையும் அணைநீர் வெளியேற்றமும் உள்ள அட்டவணை ஒன்று. நகரத்து வடிகாலைத் தூர்வாரினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடும் துண்டறிக்கை, அணையே உடைந்துவிட்டது என்று கைபேசியில் பரவும் செய்தி. இவை இரண்டும் நாங்களே எழுதியவை. அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது: வடிகாலா, ஆற்றுக்கரையா, ஆற்றோர ஊர்களுக்கு முன்னெச்சரிக்கை ஏற்பாடா? எந்தத் தாளை நம்புகிறாய், எதை நம்பவில்லை, ஏன்? தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். முதலாண்டில் இருபது பேர், மூன்றாம் ஆண்டில் இருபது பேர். மதிப்பெண் உண்டு, அகமதிப்பீட்டில் சேரும் என்று சொல்லிவிட்டோம். ஒருவரும் எட்டு நிமிடத்தில் எழவில்லை.

இரண்டு தாள்களை மட்டும் உனக்குச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் முதலிடம் வாங்கும் பெண், முன்னுரை எழுதி, நான்கு உட்தலைப்புப் போட்டு, ஒவ்வொரு தாளிலும் இருந்ததை அழகான கையெழுத்தில் சுருக்கி எழுதி, மூன்று வேலைகளும் முக்கியமானவை என்று முடித்திருந்தாள். அணை உடைந்தது என்ற வதந்தியும் ஓர் உட்தலைப்பாக இருந்தது. தெரிவு செய் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அவள் மீது எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. பத்து மதிப்பெண் வினாவுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று மூன்றாண்டு பழக்கியவள் நான்.

முதலாண்டுப் பெண் ஒருத்தி, பெண்ணையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்க்காரி, ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாள். சந்திப்பிழைகள் நிறைய. இப்படித் தொடங்கியது: "மழை சனிக்கிழமை. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும்போது வானம் வெளுத்துவிட்டது. அதனால் இது எங்கள் ஊர் மழைத் தண்ணீர் இல்லை." அட்டவணையில் திங்கட்கிழமை வரிசையின் கீழ் பேனாவால் கோடிட்டு, அங்கிருந்து வாதத்தை எடுத்துச் சென்றிருந்தாள். அணை உடைந்திருந்தால் அடுத்த நாளும் அணையிலிருந்து அளந்து தண்ணீர் விட்டதாக அட்டவணை எப்படிச் சொல்லும் என்று வதந்தியை ஒரே வரியில் தள்ளிவிட்டாள். படித்துவிட்டுச் சற்று நேரம் தாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அந்தத் தாளுக்குத் தமிழாசிரியர் நான்கில் ஒன்று போட்டிருந்தார். புள்ளியியல் ஆசிரியர் நான்கு போட்டிருந்தார். அன்று நாங்கள் மூவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதித்தோம். பிழையோடு எழுதினால் அவளை நாளை யார் மதிப்பார்கள் என்று தமிழாசிரியர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் வாதத்துக்குத் தனியாகவும் மொழிக்குத் தனியாகவும் மதிப்பிடுவது என்று முடிவு செய்து, நாற்பது தாளையும் மறுபடி முதலிலிருந்து திருத்தினோம். பதினெட்டு ஆண்டு ஆசிரியர் பணியில், நல்ல விடை என்றால் என்ன என்று சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசியது அன்றுதான் முதல்முறை. உன் குழு வாங்கப்போகும் அறிக்கையில் இந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்றும் 2009இல் இந்த வழிக்குத்தான் வந்தது: தனியாகத் தேர்வு வைக்காமல், வகுப்புக்காக மாணவர் எழுதியதையே எடுத்து, நான்கு படிநிலை கொண்ட பொது அளவுகோலால் ஆசிரியர்களே மதிப்பிடும் முறை.

மூன்றாம் ஆண்டின் சராசரி முதலாண்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. இடையில் படிப்பை விட்டுப் போனவர்கள் அந்த இருபதில் இல்லை; நின்றவர்கள் இயல்பிலேயே வலுவானவர்களாக இருக்கலாம். அந்த ஆற்றோரப் பெண்ணின் அறிவும் நாங்கள் கொடுத்தது இல்லை, ஆறு கொடுத்தது. மூன்றாம் ஆண்டில் அவளிடமே வேறு பொருளில் ஒரு வினா கொடுத்துப் பார்த்தால்தான் எங்கள் பங்கு தெரியும். அவள் முன்னுரையும் உட்தலைப்பும் போடக் கற்றுக்கொண்டுவிடுவாளோ என்பதே இப்போது என் கவலை.

ஆகையால் குழுவில் இப்படிக் கேள். வினா எந்த மொழியில் இருக்கும்? தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வைத்தால் அது ஆங்கிலத் தேர்வு, சிந்தனைத் தேர்வு அல்ல. பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும்? விடைத்தாளை ஆசிரியர்கள் படிக்க முடியுமா, அல்லது எண் மட்டும்தான் வருமா? மூன்றில் ஒன்றுக்குச் சரியான பதில் இல்லையென்றாலும் கையெழுத்துப் போடாதே. அந்தப் பணத்தில் நான்கு ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பாடவேளையைக் குறைத்துத் தரச் சொல், வினா தயாரித்துவிடலாம்.

புதுச்சேரியில் நாம் முதுகலை படித்தபோது ரோமன் ரோலண்ட் நூலகத்திலிருந்து வெளியே வந்த நம்மை நிறுத்தி, கையிலிருந்த அன்றைய செய்தித்தாளை விரித்து, "இதில் எது தகவல், எது கருத்து?" என்று கேட்டாரே நம் பேராசிரியர், நினைவிருக்கிறதா? நாம் இருவரும் திருதிருவென விழித்தோம். வெள்ள வினாவை எழுதும்போது அவர் முகம்தான் கண் முன்னே இருந்தது.

அடுத்த மாதம் நீ வரும்போது உன் பிள்ளைகள் ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொந்தமாக எழுதிய பத்துத் தாள் கொண்டுவா. பெயரை மறைத்துவிடு. தாமிரபரணி பற்றி வினா கொடுத்தாலும் சரி. உன் பத்தை நான் திருத்துகிறேன், என் பத்தை நீ திருத்து. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அம்மா உனக்காகப் பலாக்கொட்டைக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கண் முழுதாகத் தெளிந்துவிடும்.

உன் அன்புத் தோழி