காத்திருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் இளைய மகனுக்கு ஐந்து வயது நடக்கிறது. அவனுக்கு 'க' வராது. அது வர வேண்டிய இடத்திலெல்லாம் 'த' வந்து உட்கார்ந்துகொள்ளும். கொக்கு 'தொத்து', கடலை 'தடலை', கூடப்பிறந்த அக்கா 'அத்தா'. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு மட்டும் எல்லாம் புரியும். அவன் வாயைத் திறக்கும் முன்பே இவள் சொல்லி முடித்துவிடுவாள். இன்று அவன் பேசுவது அடுத்த வீட்டாருக்கும் புரிகிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதல் வணக்கம் எங்கள் அங்கன்வாடி ஆசிரியைக்கு. வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னவர்கள் உண்டு, கோயில் மணியில் ஊற்றிய தண்ணீரைக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. அக்கறையில் சொன்னதுதான். ஆனால், "முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள்" என்றவர் இவர் ஒருவர்தான். அரசுத் தலைமை மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். காதில் குறை இல்லை என்றதும் பேச்சுப் பயிற்சிக்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே பயிற்சி அளித்த அம்மையார் என்னை விட்டுவிட்டு மகளைத்தான் அருகில் அழைத்தார். "தம்பி பேசும்போது நீ பேசாதே. மனதுக்குள் பத்து வரை எண்ணு. தப்பாகச் சொன்னால் திருத்தாதே, சரியான சொல்லை நீ ஒருமுறை சொல்லு, அது போதும்" என்றார். 'த' சொல்ல நாக்கின் நுனி பல்லைத் தொட வேண்டும், 'க' சொல்ல நாக்கின் பின்பக்கம் எழும்பி மேலண்ணத்தைத் தொட வேண்டும் என்று கண்ணாடியில் காட்டினார். தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கச் சொன்னார். மல்லாந்து படுத்து 'க' சொல்லிப் பார்க்கச் சொன்னார். வீட்டில் அக்காவும் தம்பியும் போட்டிபோட்டுக் கொப்பளித்ததில் முற்றம் காய்ந்த நாளே இல்லை. ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "நாவுக்கரசர் கரையேறிய ஊரில் பிறந்தவனுக்கா பேச்சு வராது" என்று பேரனுக்குத் தெம்பு சொன்ன என் மாமியாருக்கும் நன்றி. பாடலீஸ்வரர் கோயிலில் அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

தெருமுனைக் கடை அண்ணாச்சியைச் சொல்லாமல் விட முடியாது. மாலையில் கூட்டம் நெருக்கும் நேரம். இவன் மிட்டாய் ஜாடியைக் காட்டி நிற்கிறான். பக்கத்தில் மகள், பேச்சு தவறி வந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். பின்னால் நின்ற ஒருவர், "அந்தப் பையனுக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பக் கூடாதா?" என்கிறார். அண்ணாச்சி அசையவில்லை. "கடலை மிட்டாயா தம்பி, எள்ளுருண்டையா?" என்று நிதானமாகக் கேட்கிறார். "தடலை மிட்டாய்" என்றான். "கடலை மிட்டாய்தானே, இந்தா" என்று எடுத்துக் கொடுத்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜிப்மரில் சொன்னதையே கல்லாவில் உட்கார்ந்தபடி செய்துவிட்டார்!

புதுச்சேரி டவுன் பஸ் நடத்துநர் அண்ணனுக்கும் அப்படியே. எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்காமல் அவனையே கேட்பார். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டை அவன் "தோரிமேடு" என்று சொல்லி முடிக்கும்வரை டிக்கெட் கிழிக்க மாட்டார்.

மகளின் வகுப்பாசிரியை, தம்பி பேச்சைப் பிள்ளைகள் நையாண்டி செய்ததை ஒரே நாளில் நிறுத்தினார். எப்படி என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மகளுக்கு இங்கே நன்றி எழுத அனுமதி இல்லை. முதன்முதலில் அவனுக்குச் சரியாக வந்த சொல் 'கொக்கு'. பாடுபட்டவள் நான், பெயர் கொக்குக்கா என்று அவளுக்குக் கோபம். 'அக்கா' வருவதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின. அன்று மாலை முழுவதும் காரணமே இல்லாமல் அவனைக் கூப்பிட வைத்துக்கொண்டிருந்தாள்.

வாழைப்பழம் இன்னும் 'வாயப்பயம்'தான். அதற்கு அவசரமில்லை என்கிறார் பயிற்சி அம்மையார். பெரியவர்கள் பலருக்கே அது வரவில்லையே! அடுத்த மாதம் மறுபடி ஜிப்மர் போகிறோம். நடத்துநர் அண்ணன் இந்த முறை அவனிடம் கோரிமேட்டோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்.