பாப்பாவுக்கு, உன் வண்டி பில் பற்றி

அன்புள்ள பாப்பா,

நீ போட்டோ எடுத்து அனுப்பிய சர்வீஸ் பில்லைப் பார்த்தேன். 2,514 ரூபாய். "அடுத்த தடவையிலிருந்து நானே பண்ணிக்கறேன்பா, வீடியோல எல்லாம் இருக்கு" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படி.

ஆயில் 430, ஆயில் ஃபில்டர் 110, ஏர் ஃபில்டர் 260. இந்த 800 ரூபாயைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், வீட்டில் செய்தாலும் இதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். லேபர் 500, சரி, ஒரு ஆள் குனிந்து வேலை செய்த கூலி. ஆனால் கார்பன் க்ளீனிங் 350, பாலிஷ் 250, பெட்ரோலில் ஊற்றுகிற ஏதோ மருந்து 180, செயினைத் துடைத்து எண்ணெய் போட 200, இதில் எதையாவது நீ கேட்டாயா? வண்டி இழுவை குறையவில்லை, மைலேஜ் குறையவில்லை, அதற்கு எதற்குக் கார்பன் க்ளீனிங்? லேபர் என்று எழுதுகிற ஒவ்வொன்றின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு ஏறுகிறது. அடுத்த முறை ஜாப் கார்டில், அதுதான் என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதுகிற அட்டையில், கையெழுத்துப் போடும் முன்னாலேயே, ஆயில், ஃபில்டர், பிரேக் மட்டும் பார்க்கச் சொல், வேறு எது என்றாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று அந்த அட்டையிலேயே எழுத வை. கழற்றிய பழைய சாமானையும் கையில் கேட்டு வாங்கு.

பழைய சாமான் எதற்கு என்று நினைப்பாய். நீ பிளஸ் டூ படிக்கும்போது என் ஸ்ப்ளெண்டரை இங்கே ஒரு ஷோரூமில் விட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நம் ஊர் மே மாசம் உனக்குத் தெரியும், பாலாற்றங்கரைப் பக்கம் போய்வந்தால் மூக்குக்குள்ளேயே மணல் இருக்கும், அதனால் ஏர் ஃபில்டரை மாற்றச் சொன்னேன். விடுவதற்கு முன்னால் பழைய ஃபில்டரின் ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். பில்லில் புது ஃபில்டர் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் அதே பச்சைப் புள்ளி, மடிப்புகளுக்கு நடுவில் அதே செம்மண். மறுநாள் காலையில் ஃபில்டரையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன், பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் வந்தது, ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, காசு போனதற்காக இல்லை, எஞ்சினுக்குள் மண் போயிருக்குமே என்றுதான்.

அதனால் ஷோரூம் பக்கமே போகாதே என்று சொல்ல வரவில்லை. நானாகச் செய்து கெடுத்ததும் உண்டு. அதற்கு அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் வண்டியை நிறுத்தி, அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கி, 17 ரிங் ஸ்பேனர் போட்டு, ஆயிலை வடிக்க எஞ்சினுக்கு அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். பேசினில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக இறங்கியது. எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசியில் ஒழுகக் கூடாதே என்று போல்ட்டை இன்னும் ஒரு சுற்று, இன்னும் கொஞ்சம் என்று இறுக்கினேன். கை சட்டென்று லேசாகிவிட்டது. மரை போய்விட்டது. போல்ட் இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம், எது தோற்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், புதுசாக மரை போட்டு, இரண்டு நாள் பஸ்ஸில் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போனேன். வாஷர் புதுசாகப் போட்டால் அளவாக இறுக்கினாலே ஒழுகாது, இதை எனக்குச் சொல்ல அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அன்றிலிருந்து நான் காசைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இந்த வேலையில் தப்பு நடந்தால் அது எங்கே தெரியவரும் என்று பார்க்கிறேன். ஆயில் ஒழுகினால் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும், ஏர் ஃபில்டரும் அப்படித்தான், செயினும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. இதையெல்லாம் நீயே செய். பிரேக் அப்படி இல்லை. உன் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, அந்த பிரேக் குழாயில் காற்று புகுந்தால் எடுப்பது தெரிந்தவன் வேலை, அதில் செய்த தப்பு வாணியம்பாடி தாண்டி லாரிக்குப் பின்னால் போகும்போதுதான் தெரியும். பிரேக், முன்சக்கரத்து ஃபோர்க், பெட்ரோலை அளந்து விடுகிற எஃப்ஐ சம்பந்தப்பட்ட எதுவும் ஷோரூமிலேயே நடக்கட்டும், எவ்வளவு கேட்டாலும் கொடு, குறைந்தால் நான் அனுப்புகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அதை இந்த பில்லில் காணோம், கேள். வாரண்டி முடியும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள், அதுவரைக்கும் அவர்கள் சொன்ன கிலோமீட்டருக்குள் அங்கேயே விட்டுவிடு, முத்திரை விட்டுப்போனால் நாளைக்கு எஞ்சினில் ஏதாவது வந்தால் கை விரித்துவிடுவார்கள்.

செயினை நாளைக்கே ஆரம்பிக்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்று. பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் செயின் க்ளீனர், பெட்ரோல் வேண்டாம். துடைத்து உலரவிட்டு உள்பக்கமாகச் செயின் லூப் அடி. கியர் போட்டு எஞ்சினை ஓடவிட்டபடி துணி வைத்துத் துடைக்கிறார்கள் பார், அதை மட்டும் செய்யாதே கண்ணு, துணியோடு விரலும் உள்ளே போய்விடும். செயின் எவ்வளவு தொய்வாக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பார்த்து அளந்து எனக்குச் சொல்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜேஏஎஸ்ஓ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, அது பைக் ஆயிலுக்கான தர அடையாளம், இருக்கிறதா பார். பைக்கில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்துகொண்டிருக்கிறது, கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. கழற்றிய பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதே. தோல் தொழிற்சாலைத் தண்ணீர் பாலாற்றையும் கிணறுகளையும் என்ன பண்ணியது என்று இந்த ஊரில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டாம், 1996-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடி, பக்கத்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடு, சேர்த்து வைத்து விற்பார்கள்.

பொங்கலுக்கு வண்டியிலேயே வருவேன் என்கிறாய், அம்மாவுக்கு இஷ்டமில்லை, எனக்கும் இருநூறு கிலோமீட்டர் யோசனைதான். வந்தால் இருட்டுவதற்குள் வந்து சேர், கிளம்பும் காலையில் டயர் சூடாகும் முன் காற்று பார், கிருஷ்ணகிரியிலும் பள்ளிகொண்டா டோலிலும் நிறுத்திப் போன் பண்ணு. வாரண்டி முடிந்திருந்தால் மறுநாள் பின்கட்டில் உட்கார்ந்து முதல் ஆயிலை இரண்டு பேருமாக மாற்றலாம், போல்ட்டை நீ இறுக்கு, நான் பார்த்துச் சொல்கிறேன். உன் வண்டி டிரெயின் போல்ட்டுக்கு எந்த அளவு ஸ்பேனர் என்று பார்த்து அனுப்பு, என்னிடம் இல்லாவிட்டால் வாங்கி வைக்கிறேன்.

அப்பா
சத்துவாச்சாரி