மூன்று பூட்டுப் பெட்டி: ஊழியத்துக்குப் போகும் மகளுக்கு

என் அன்பு மகளுக்கு,

இயேசுவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். ஊழியத்துக்குப் போகிற இடத்தில் முதல் மாதமே ஏதாவது கொடுத்துத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், மகளே. வெள்ளமோ தீயோ வந்திருந்தால் பேச்சே இல்லை, அன்றைக்கே கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே இருப்பது தலைமுறை தலைமுறையாய் வேரோடிய வறுமை. முதல் நாளே பையைத் திறந்தால் உன்னைக் கொடுக்கிறவளாக மட்டும்தான் அறிவார்கள். பிறகு நீ எதைக் கேட்டாலும், எதைச் சொன்னால் எது கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்துத்தான் பதில் வரும். அதில் அவர்கள்மேல் குற்றமில்லை, இல்லாதவர்கள் அப்படித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதல் மூன்று மாதம் கேட்பதற்கே. அங்கேயே வாழ்கிற இருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நட. காலையில் ஒரு நாள், இருட்டிய பிறகு ஒரு நாள். தண்ணீர் எங்கே வருகிறது, சாக்கடை எங்கே தேங்குகிறது, எந்த வீடுகளுக்குப் பாதையே இல்லை என்று பார். பிறகு தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைபடம் போடச் சொல். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, இளையவர்கள் தனியாகப் போடட்டும். ஆண்களின் படத்தில் வெறும் குறுக்குவழியாக இருப்பது, பெண்களின் படத்தில் இருட்டினால் போகக்கூடாத இடமாக இருக்கும். மூன்று படங்களும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கே உட்கார்ந்து பேசு.

அடுத்து, பன்னிரண்டு கட்டம் கீறி ஒவ்வொரு மாதத்துக்கும் வருமானம், கடன், நோய், வேலை என்று நான்கு வரிசையில் கற்களை வைக்கச் சொல். இல்லை என்றால் வெறுமை, மிக அதிகம் என்றால் ஐந்து கல். வருமானக் கல் குறைகிற மாதத்திலேயே கடன் கல்லும் நோய்க் கல்லும் குவிந்தால், அந்த மாதம்தான் குடும்பங்களை விழத்தட்டுகிறது. கூட்டத்துக்கு வந்தவர்களைவிட வராதவர்களின் பட்டியல் முக்கியம். விதவைகள், உடல் ஊனமுற்றவர்கள் இருக்கும் வீடுகள், அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளாதவர்கள். அவர்களுக்கு வசதியான நேரத்தில் நீயே வீட்டுக்குப் போ.

என்ன இல்லை என்று மட்டும் கேட்காதே. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் 1993இல் எழுதி வைத்த முறை இதைத்தான் சொல்கிறது: குறைகளின் பட்டியலோடு தொடங்கினால் வெளியாள்தான் மருந்தாகத் தெரிவான். யாருக்குத் தையல் தெரியும், யார் பிரசவம் பார்த்திருக்கிறார், சண்டை வந்தால் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று எழுதி வை.

ஜெர்மனியில் ஃபிரீட்ரிச் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற ஊர்த் தலைவர், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி, 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் பணக்காரர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பிறகு ஹெட்டெஸ்டார்ஃப் என்ற ஊரிலும் அதே வழியில் வசதியானவர்களை வைத்து ஒரு நலச் சங்கம் நடத்தினார். நாளடைவில் அவர்களின் ஆர்வம் தணிந்தது. 1864இல் அதை, கடன் வாங்குகிறவர்களே உறுப்பினராக இருந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கமாக மாற்றினார். இன்றும் உலகெங்கும் இருக்கிற கூட்டுறவு வங்கிகளில் ஒரு பெரும் மரபு அங்கிருந்து வருவது. இரக்கம் முக்கியம்தான். ஆனால் பெட்டியின் சாவி, பணம் கொடுக்கிறவர் கையிலேயே இருக்கும்வரை அது அவருடைய இரக்கமாகவே இருக்கும். நீ செய்யப்போகிற எல்லாவற்றிலும் சாவி யாரிடம் என்று பார், மகளே.

இதைச் சொல்லாக மட்டும் விடாமல், ஒரு சேமிப்புக் குழுவில் எப்படி நடத்துவது என்று விரிவாக எழுதுகிறேன். கேர் என்ற சர்வதேச உதவி நிறுவனம் 1991இல் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் பெண்களோடு தொடங்கிய முறை இது.

ஒரு குழுவில் 15 முதல் 25 பேர். அதற்கு மேல் போனால் எண்ணி முடிக்கவே பொழுது போய்விடும், ஒருவரை ஒருவர் நம்பும் அளவும் குறையும். ஐந்து பொறுப்பாளர்கள்: தலைவர், கணக்கு எழுதுபவர், பெட்டி வைத்திருப்பவர், பணம் எண்ணுபவர் இருவர். குழுவின் பணம் இருக்கும் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் இந்த ஐந்து பேரில் இல்லாத, வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த மூவரிடம். பெட்டி வைத்திருப்பவரின் சகோதரியிடம் ஒரு சாவி போனால் மூன்று பூட்டும் ஒரு பூட்டுத்தான்.

வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொருவரும் ஒன்று முதல் ஐந்து பங்குவரை வாங்குவார்கள், அந்தப் பணம்தான் அவரவர் சேமிப்பு. பங்கின் விலையைக் குழுவே முடிவு செய்யும். மிகவும் இல்லாத உறுப்பினர் மோசமான வாரத்திலும் ஒரு பங்கு வாங்க முடிகிற விலையாக அது இருக்க வேண்டும். முதல் கூட்ட உற்சாகத்தில் விலையை ஏற்றிவிடுவார்கள், அப்போது நீ அந்த ஒருவரின் பக்கம் நின்று பேசு. இல்லாவிட்டால் ஆறாவது வாரத்தில் ஏழைகள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள், மீதி இருப்பது ஓரளவு வசதி உள்ளவர்களின் குழு. ஒவ்வொரு பங்குக்கும் கைப்புத்தகத்தில் ஒரு முத்திரை. படிக்கத் தெரியாதவருக்கும் முத்திரையை எண்ணத் தெரியும்.

சில வாரம் சேர்ந்த பிறகு கடன். ஒருவர் தம் சேமிப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது, மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும், சேவைக் கட்டணம் எவ்வளவு என்று குழு தீர்மானிக்கும். பிணி, சாவுச் செலவுக்குத் தனியாக ஒரு சிறு நிதி, அதற்கு வேறு பை. பணம் பெட்டிக்குள் போவதும் வெளியே வருவதும் எல்லோர் கண் முன்னால்தான், கூட்டத்துக்கு வெளியே ஒரு காசும் நகரக்கூடாது.

ஏறக்குறைய ஓர் ஆண்டு முடிவில் எல்லாக் கடனும் கட்டி முடித்துப் பெட்டியைக் காலி செய்து பங்கிட வேண்டும். கணக்கு எளிது. 20 பேர் சேர்ந்து 2,000 பங்கு வாங்கியிருக்கிறார்கள், ஒரு பங்கின் விலை 10 என்று வை. சேமிப்பு 20,000. கடன் கட்டணமாக 2,600 சேர்ந்திருக்கிறது. மொத்தம் 22,600, அதை 2,000ஆல் வகுத்தால் பங்குக்கு 11.30. முத்திரை 120 வைத்திருப்பவர் 1,356 கொண்டுபோவார். பணத்தை அப்படியே அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமே என்று கெட்டிக்காரர் ஒருவர் சொல்வார். விடாதே. பெட்டி காலியாகும் அந்த நாள்தான் தணிக்கை. பங்கிடாத குழுவில் திரும்பி வராத கடன்கள் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருக்கும்.

குழு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நல்ல மனசுதான். சபையோ வெளிநாட்டு நண்பர்களோ பெட்டியில் கொஞ்சம் பணம் போட்டு ஊக்கப்படுத்த விரும்புவார்கள். அடுத்தவீட்டுக்காரி சேர்த்த பணத்தை ஒருவர் திருப்பிக் கட்டுவார். முகம் தெரியாதவர் போட்ட பணத்துக்கு அந்த அவசரம் வராது. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்தபின் எல்லாமே இனாமாகத் தெரியும். போதகரைத் தலைவராக்குவதும் அப்படியே. அவர் கடன் வாங்கினால் யார் கேட்பது? அவர் மறுத்தால் யார் எதிர்த்துப் பேசுவது? போதகரும் நீயும் பெட்டிக்கு வெளியே நில்லுங்கள்.

இது கணக்குப்பிள்ளை வேலை, ஊழியம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டு. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர்கள் அதை முறுமுறுப்பு என்று தள்ளிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பைச் சீஷர் கூட்டத்திடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் பக்கம் விடுபட்டதோ அந்தப் பக்கத்தாரிடமே பகிர்வு போயிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். வேதத்தில் எனக்கு மிகப் பிடித்த நிர்வாகத் தீர்மானம் இது.

சேமிப்பு மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. கூலியைப் பிடித்து வைக்கிறவர், நிலத்தை அடமானத்தில் விழுங்குகிறவர் இருக்கும்வரை அவர்கள் சேர்ப்பது ஓட்டைப் பாத்திரத்தில்தான். நெகேமியா 5ஆம் அதிகாரத்தை வரிவரியாய்ப் படி. ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கி, வயலை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்டவர்களின் கூக்குரலை யூதாவின் அதிபதியான நெகேமியா முதலில் கேட்கிறான். கோபம் வருகிறது, ஆனால் தனக்குள் ஆலோசித்த பிறகே பேசுகிறான். பெரியவர்களைச் சபை கூட்டி எல்லோர் முன்பாகவும் கேட்கிறான். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதைச் சொல்லித் தன்னையும் சேர்த்துக்கொள்கிறான். சரி என்று அவர்கள் சொன்னதும் விட்டுவிடாமல் ஆசாரியர்களை அழைத்து ஆணையிடுவிக்கிறான்.

நீயும் அந்த வரிசையில் போ. கூலிப் பிரச்சினை என்றால் தேதி, வேலை செய்த மணி, பேசிய கூலி, வாங்கிய கூலி, உடன் இருந்தவர் ஆகிய ஐந்தையும் அன்றன்றே அவர்களே எழுத வேண்டும். மூலப் பத்திரம் அவர்களிடமே இருக்கட்டும், உன்னிடம் நகல் போதும். மனு கொடுத்தால் பெற்றதற்கான சான்றும் அடுத்த தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தனி ஒருவர் பெயரில் போகக்கூடாது. பழைய காலக் கப்பல் மாலுமிகள் மனுவில் வட்டமாகக் கையெழுத்திட்டார்கள், முதல் பெயர் யாருடையது என்று தெரியாமலிருக்க. மனுவுக்கு முன்னால் ஒரு மாலை முழுவதும் ஒரே கேள்வியைப் பேசுங்கள்: மறுநாள் காலை யாருக்கு வேலை போகும், யாரை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்? அடி வாங்கப்போவது அவர்கள், ஆகவே போவதா நிற்பதா என்ற முடிவும் அவர்களுடையது. நீ வேறு இடத்துக்கு மாறிப் போய்விட முடியும்.

சுவிசேஷம் சொல்வதா சேவை செய்வதா என்ற பழைய வழக்கில் சிக்காதே. 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த உலகச் சுவிசேஷ மாநாட்டில் கூடியவர்கள் இரண்டும் கிறிஸ்தவக் கடமையின் பகுதி என்று அறிக்கையிட்டார்கள். ஆனால் ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக வைக்காதே. பேரிடர் நிவாரணத்துக்கான 1994ஆம் ஆண்டு நடத்தை நெறியை முன்வைத்தவர்களில் செஞ்சிலுவை அமைப்புகளோடு உலகத் திருச்சபைகள் மன்றமும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸும் இருந்தன. உதவி தேவையின்படியே போகவேண்டும், மதக் கருத்தைப் பரப்பும் கருவியாகக்கூடாது என்பது அதன் சாரம். ஆகவே பயனாளிப் பட்டியலில் சபைப் பெயர்ப் பத்தி வேண்டாம். ஆராதனை நேரத்திலும் ஆராதனை இடத்திலும் பொருள் கொடுக்காதே. ஏன் இதைச் செய்கிறாய் என்று அவர்களே கேட்டால் மறைக்காமல் சொல். அப்படிச் சொல்லும் சாட்சிக்குத்தான் பாரம் உண்டு.

பிள்ளைகளோடு வேலை செய்யும் எவரும், நீ உட்பட, ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக்கூடாது. புகாரைக் கேட்பவர் உன் ஊழியக் குழுவுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

கடைசியாக, நீ விலகும் காலத்தைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடு. முதல் மூன்று மாதம் எல்லாக் கூட்டத்துக்கும் போ. அடுத்த நான்கு மாதம் ஒன்று விட்டு ஒன்று. அதன் பிறகு கணக்கு முட்டினால் மட்டும், பிறகு பங்கீட்டு நாளுக்கு. இரண்டாம் ஆண்டுக்குப் புதிய பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு உன்னை அழைப்பார்கள். அன்றைக்குப் போகாதே.

ஜெபத்துடன்,
அம்மா