சித்தப்பாவுக்கு: பர்மிங்ஹாமில் ஓய்வு வேண்டாம், ரிக்வுட் போகலாம்

அன்புள்ள சித்தப்பா,

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். நயாகரா, வாஷிங்டன், லாஸ் வேகாஸ் எல்லாம் சரி. எங்கள் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமுக்கு இரண்டு நாள் ஒதுக்கி, எதிரே 'ஓய்வு' என்று போட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரஞ்சி ஆட்டத்துக்குக்கூடத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய், காலி கேலரியில் உட்காருகிற ஆள் நீங்கள். உங்களுக்கு ரிக்வுட் ஃபீல்டைக் காட்டாமல் விடமாட்டேன்.

அது பேஸ்பால் மைதானம். 1910 ஆகஸ்ட் 18-ல் திறந்தார்கள். அமெரிக்காவில் இன்னும் நிற்கிற தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் ஆக மூத்தது இதுதான். இரும்புக் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளையான ரிக் வுட்வர்ட், மேஜர் லீக்குக்கு அடுத்த படியான மைனர் லீக்கில் ஆடும் உள்ளூர் அணி பேரன்ஸை வாங்கி, அதற்காகக் கட்டியது. பெயரும் அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். திறப்பு நாளன்று ஊர்க் கடைகளை அடைத்துவிட்டு 10,000 பேருக்கு மேல் வந்தார்களாம். மைக்கேல் ஜோர்டன் பேஸ்பால் ஆடப்போன கதை உங்களுக்குத் தெரியுமே, 1994-ல் அவர் ஆடியது இதே பேரன்ஸுக்குத்தான். ஆனால் அணி 1987-உடன் ரிக்வுட்டைக் காலி செய்துவிட்டது. அதனால் அந்தப் பெருமை இந்த இடத்துக்கு இல்லை.

உள்ளே போனதும் விளக்குக் கோபுரங்களைப் பாருங்கள். 1936-ல் வைத்தவை. கேலரிக் கூரைமேல் நின்று, கிணற்றை எட்டிப் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி மைதானத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வேலியில் எழுதியிருக்கும் பழைய விளம்பரங்களை எல்லோரும் ஆசையாகப் படம் எடுப்பார்கள். அவை அசல் பழசல்ல, 1990-களில் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்காகத் தொடங்கிய வேலை. கையால் எண் மாட்டுகிற ஸ்கோர்போர்டும் அப்படித்தான். அசல் பழசு அந்த வேலிக்குப் பின்னால் இருக்கிறது: கான்கிரீட் மதில். அதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். 1948-ல் பேரன்ஸ் வீரர் வால்ட் ட்ரோப்போ அடித்த பந்து பட்ட இடம். 467 அடி என்கிறார்கள், அதாவது 140 மீட்டருக்கு மேல். நம் பவுண்டரிக் கயிற்றை மனதில் வைத்துக்கொண்டு அந்த மதிலைப் பாருங்கள், தலை சுற்றும்.

அப்புறம் உங்களை வலது பக்கக் கோடிக்கு அழைத்துப் போவேன். அந்தக் காலத்தில் பேரன்ஸ் வெள்ளையர் அணி. அவர்கள் ஆடும்போது கறுப்பின ரசிகர்களுக்கு ஒதுக்கிய இடம் அந்தக் கோடி வெயில்தான். பேரன்ஸ் வெளியூர் போகிற நாட்களில் இதே மைதானத்தைக் கறுப்பர்களின் அணியான பிளாக் பேரன்ஸ் வாடகைக்கு எடுக்கும். அன்றைக்குக் கூரை நிழல் கறுப்பின ரசிகர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அதே உடுப்போடு நேராக இங்கே வருவார்களாம். இரண்டு அணியும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை, மோதவும் முடியாது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பேஸ்பால் என்ன, சீட்டு, தாயம்கூட ஆடக் கூடாது என்று நகராட்சிச் சட்டமே இருந்த ஊர் இது.

1948-ல் பிளாக் பேரன்ஸுக்கு 17 வயதுப் பையன் ஒருவன் ஆடினான். வில்லி மேஸ். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். கறுப்பர்களின் லீக்குகளில் ஜெயித்த அணிகள் மோதும் நீக்ரோ உலகத் தொடர் கடைசியாக நடந்தது அந்த ஆண்டுதான். அதில் பிளாக் பேரன்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், ரிக்வுட்டில். வெற்றி ரன்னைக் கொண்டுவந்தது மேஸின் அடி. வேடிக்கை என்னவென்றால், அப்போது பேரன்ஸ், மேஜர் லீக் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் துணை அணி. மேஸ் அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் மைதானத்திலேயே ஆடிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று விட்டார்கள். 1950-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கூட்டிக்கொண்டு போனது. ஒரு கறுப்பின வீரரைச் சேர்க்க ரெட் சாக்ஸுக்கு 1959 வரை ஆனது. மேஜர் லீக்கிலேயே கடைசி அணி அதுதான். அதற்குள் மேஸ் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார்.

இன்னொன்று. 1963-ல் இந்த ஊரில் சம உரிமை கேட்டுப் போராடிய சிறுவர்கள்மீது நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய, போலீஸைக் கையில் வைத்திருந்த நகரக் கமிஷனர் புல் கானர், அரசியலுக்கு வருமுன் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனையாளர். பேரன்ஸ் ஆட்டங்களை அவர் குரலில்தான் ஊர் கேட்டது. எனக்கு இதை ஜீரணிக்க முடிவதில்லை. கலப்பு அணி என்ற பேச்சு வந்தபோது, 1961-உடன் பேரன்ஸ் ஆடிய லீக்கே மூடிப்போனது. 1964-ல்தான் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த அணி ரிக்வுட்டில் இறங்கியது.

இறங்கினாலும் ஊர் மாறிவிடவில்லை. 1967-ல் இங்கே ஆடிய, பின்னால் பெரிய நட்சத்திரமான கறுப்பின வீரர் ரெஜி ஜாக்சன், 2024 ஜூன் 20-ல் ரிக்வுட்டில் மேஜர் லீக் ஆட்டம் நடந்த இரவு, டி.வி.யில் உட்கார்ந்து அதைச் சொன்னார். ஹோட்டலில் இடம் தரமாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் உள்ளே விடமாட்டார்கள். வெள்ளைக்காரச் சக வீரர் ஜோ ரூடி வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டதற்கு, கட்டிடத்தையே கொளுத்துவோம் என்று மிரட்டினார்களாம். மேஸ் அதற்கு இரண்டு நாள் முன்புதான் 93 வயதில் இறந்திருந்தார். புல்தரையில் அவருடைய 24 என்ற எண், பழைய காலச் சீருடை, இசை என்று எல்லாம் ஜோராக இருந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 6-5 என்று மேஸின் பழைய அணியான ஜயன்ட்ஸை ஜெயித்தது. எனக்கு அந்த இரவில் நிலைத்தது ஜாக்சன் பேச்சுதான். விழாவுக்கு வந்தவர் விழாப் பேச்சுப் பேசவில்லை.

தலித் பந்துவீச்சாளர் பாலு பல்வங்கர் பற்றி நீங்கள் சொல்வீர்களே, புனேயில் விக்கெட்டை எடுத்துக்கொடுத்தவருக்கு டீ மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனிக் குவளையில் என்று. அந்தக் கதை தெரிந்தவருக்கு இங்கே நான் பெரிதாக விளக்க வேண்டியிருக்காது.

காலை 9 மணிக்கே போய்விடலாம், வெயில் நம் ஊர் போலத்தான். தொப்பி எடுத்துவாருங்கள். பேரன்ஸ் இப்போது ஊர் நடுவே ரீஜன்ஸ் ஃபீல்டில் ஆடுகிறது, வாசலில் மேஸ் சிலை இருக்கிறது. அன்று சாயங்காலம் ஆட்டம் இருந்தால் அதற்கும் போவோம். விதிகளை நான் சொல்லித்தருகிறேன். ஒன்பது இன்னிங்ஸ் முடிகிறவரை 'டிரிங்க்ஸ் எப்போ' என்று மட்டும் கேட்காதீர்கள். சித்தியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு ஷாப்பிங் கிடையாது.