பவளம் நடுவதும் மீன்பிடியும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

மண்டபம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி அடைந்தேன். துறைத்தலைவர் பொறுப்பு உன்னிடம் வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பே இல்லை. பவளப்பாறைகளை மீட்பதற்கென்று அரசு அமர்த்திய உயிரியலாளன், ஆண்டின் பெரும்பகுதியை மீனவர் கூட்டங்களிலும் வலைக்கண்ணி அளவு பற்றிய கோப்புகளிலும் ஏன் கழிக்கிறான், அந்த நேரத்தில் இன்னும் எவ்வளவோ பவளம் நட்டிருக்கலாமே என்று கேட்டிருந்தாய். அதற்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

நடும் வேலையில் மர்மம் ஒன்றும் இல்லை. நலமாக இருக்கும் தாய்ப்பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்து, சிமெண்ட் வில்லைகளில் கட்டி, கடலடியில் நிறுத்திய சட்டங்களின்மேல் அவற்றைப் பொருத்துகிறோம். மான்கொம்புப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக்கூட வளர்ந்துவிடும்; உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் இம்முறையைக் கையாண்டு, நம் கடலில் இது கைகூடும் என்று காட்டியிருக்கிறது. கட்டுவதற்குக் கையும் நீருக்கடியில் மூச்சும் போதும். கட்டிய துண்டு அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்குமா என்பது ஓரா மீனையும் கிளிமீனையும் பொறுத்தது. பாறையில் படரும் பாசியை அவை மேய்ந்துகொண்டே இருந்தால்தான் இளம் பவளத்துக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். களை எடுக்க ஆளில்லாத வயலில் நாற்று நட்டு என்ன பயன்? அந்த மீன்களைப் பொறிக்கூடு வைத்தும் வலை வீசியும் வழித்தெடுத்துவிட்ட பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், நாங்கள் எத்தனை கவனமாக நட்டாலும் சில மாதங்களில் வில்லையே தெரியாதபடி பாசி மூடிவிடுகிறது. ஆகவே மீன்பிடியைப் பற்றிப் பேசாமல் என்னால் பவளத்தைப் பற்றிப் பேச முடியாது.

இதில் நிர்வாகச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் பரப்பும் 1986இல் தேசியப் பூங்காவாயின. பவளம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதைச் சுற்றி ஓடும் படகுகளுக்கு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்துகிறது. பவளம் ஒரு துறையின் பொறுப்பு. மீன் இன்னொரு துறையின் கணக்கு. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான் என் வேலையில் மிகவும் கடினமானது. மிகவும் பயனுள்ளதும் அதுவே என்று நம்புகிறேன்.

கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி, அதாவது கடலடியை வாரும் இழுவலை, இழுக்கக்கூடாது என்பது சட்டம். இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலையே பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்த அந்தக் காலம், கடல் சூடேறிப் பவளம் நிறமிழந்து வெளுத்து நலியும் மாதங்களோடு ஒத்துப்போகிறது என்பதை நீ கவனித்திருப்பாய். யாரும் பவளத்தை மனத்தில் வைத்து அதைத் திட்டமிடவில்லை. ஆனாலும் ஏற்கெனவே நலிந்து கிடக்கும் பாறைமேல் மடி கிளப்பும் சேறு அந்த வாரங்களில் படியாமல் இருப்பது பெரிய உதவி.

கல்லெடுத்த காலம் உனக்கு நினைவிருக்கும். சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பவளப்பாறையை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கரையேற்றினார்கள். விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதுவே முக்கியக் காரணம். பவளத்தைக் காக்கும் சட்டம் வந்து சில ஆண்டுகளில் கல்லெடுப்பு நின்றது. ஆனால் அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்டவர்கள் குறைவு. நான் அறிந்த சில குடும்பங்கள் மீன்கூடு வைக்கவும் கடற்பாசி எடுக்கவும் திரும்பின. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

விற்பதற்காகக் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் நான் கற்றது, படித்த பாடங்களைவிட அதிகம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இடுப்பளவு நீரில் குனிந்தும் முங்கியும் பாசி பறிப்பவர்கள், மாதத்துக்கு 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். பாசி மீண்டும் தழைக்க வேண்டுமே என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவர்களில் ஒருவரான, பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தபோதுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. அலுவலகத்தில் எழுதிய எந்த விதியும் இந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டு நான் கண்டதில்லை. அதனால்தான் கூட்டங்களுக்குப் போகிறேன், சண்முகம். பேசுவதைவிட அங்கே கேட்பதற்குத்தான் நிறைய இருக்கிறது.

இதே கரையில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை மூங்கில் தெப்பங்களில் வளர்த்துப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்த அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்து மூச்சை அடைக்கிறது என்று 2008இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்றும் அதைக் கையால் பிய்த்தெடுக்கிறோம். வருமானம் வேண்டும் என்று சொல்லும் பெண்ணிடம் பவளத்தைக் காட்டி வாதாட என்னால் ஆகாது. தெப்பங்களைப் பவளத்திலிருந்து எவ்வளவு தொலைவில் வைப்பது என்று அவரோடு உட்கார்ந்து பேசத்தான் முடிகிறது.

வெப்பத்துக்கு மட்டும் எந்தக் கூட்டத்திலும் தீர்வு கிடையாது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது. நாங்கள் ஆசையாக நட்டுவந்த மான்கொம்பு வகைகளே அதிகமாக மடிந்தன. உருண்டைப் பவளம் ஓரளவு தாக்குப்பிடித்தது. அதிலிருந்து, வேகமாக வளர்வதை மட்டும் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்பதில்லை. வெப்பத்தில் வெளுத்தும் மீண்டெழுந்த தாய்ப்பவளங்களைக் குறித்து வைத்து, அவற்றிலிருந்தே துண்டு எடுக்க வேண்டும் என்று வாதிட்டு வருகிறேன். கணக்கில் எண்ணிக்கை குறையும் என்று மேலதிகாரி ஒருவர் கவலைப்படுகிறார். குறையட்டும் என்பதே என் கருத்து.

இந்த வேலைக்கு வர விரும்பும் உன் மாணவியைப் பங்குனிக்குள் அழைத்து வா. கச்சான் காற்று எழுந்தால் தென்கடல் கலங்கிவிடும். பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. தீவுப் பகுதிக்குப் போக அனுமதி வாங்க வேண்டும் என்பதால் உங்கள் இருவரின் விவரங்களையும் முன்கூட்டியே எழுதி அனுப்பு. முதல் நாள் சின்னப்பாலத்துப் பெண்களோடு பேசிவிட்டு, மறுநாள் பாருக்குப் போகலாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்புள்ள,
ஜெயபால்